மறு: கம்பளிச் சோதனையில் ‘ஸ்டேப்பிள்’: இழையா, கற்றையா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கம்பளிச் சோதனைக் கலைச்சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில் ‘ஸ்டேப்பிள்’ (staple) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்பது பற்றி ஐயா நேற்று எழுதியது:

> பருத்தியில் ‘நீண்ட இழைப் பருத்தி’ என்று ஏற்கெனவே புழங்குகிறோம். கம்பளிக்கும் ‘இழை நீளம்’, ‘இழை வலு’ என்றே வைத்துவிடலாமே?

வைக்க முடியாது ஐயா. பருத்தியில் ஸ்டேப்பிள் என்பது இழையின் நீளம். கம்பளியில் அது கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருள். ஆட்டுத் தோலில் அருகருகே முளைக்கும் இழைகள் தம் நெளிவாலும் கொழுப்புப் பிசுக்காலும் சேர்ந்து, பென்சில் தடிமனில் தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கொத்துதான் ஸ்டேப்பிள். ஒன்றைப் பிரித்தெடுத்தால் நுனி வெயிலும் புழுதியும் பட்டு அழுக்கேறியிருக்கும், அடி பளிச்சென்றிருக்கும். ‘இழை வலு’ என்று எழுதினால் ஒற்றை இழையை இழுத்துப் பார்த்ததாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

மெல்போர்னில் ஒரு கம்பளிச் சோதனைக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கருவி வருவதற்கு முன் ஸ்டேப்பிளின் வலுவைக் காதால்தான் சோதித்தார்கள். தரம் பிரிப்பவர் அதை இரு கையாலும் விறைப்பாகப் பிடித்து, காதருகே வைத்து ஒரு விரலால் சுண்டுவார். நல்லதென்றால் தந்தி மாதிரி ஒலிக்கும். நல்லதில்லை என்றால் உள்ளே படபடவென்று இழைகள் அறுவது கேட்கும். பிறகு ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய அட்லாஸ் கருவி வந்தது. அது இரு முனைகளையும் தாடைகளில் கவ்வி இழுத்து அறுக்கும். தடிமனுக்கு ஈடுசெய்து, ஒரு கிலோடெக்ஸுக்கு (மீட்டருக்கு ஒரு கிராம் எடை என்ற தடிமன் அலகு) இத்தனை நியூட்டன் விசை என்று சொல்லும். 30க்குக் கீழே போனால் வாங்குபவர் முகம் மாறும். அறுந்த துண்டுகளை நிறுத்து, முறிவு நுனியிலா, நடுவிலா, அடியிலா என்றும் கணக்கிடும். நடுமுறிவுதான் பெரிய கேடு. ஆலையில் சீவும்போது நீள இழை பாதியாகிவிடும்.

‘கற்றை’ அழகான சொல்தான். ஆனால் இழையின் பருமனை அளக்கும் லேசர்ஸ்கேன் கருவியில் 2 மில்லிமீட்டர்த் துணுக்குகள் திரவத்தில் மிதந்து ஒளிக்கற்றையைக் கடக்கின்றன. ஒரே அறிக்கையில் இரண்டு கற்றை வந்தால் குழப்பம். ‘சடை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைச் செலவழித்துவிட வேண்டாம். ஆட்டின் மேலேயே சிக்குப் பிடித்துப் போன கம்பளிக்கு அதை விட்டால் வேறு சொல் இல்லை.

என் முன்மொழிவு: குஞ்சம். அடி கூடி, நுனி விரிந்து தொங்கும் பொருள் எதுவென்று தமிழ் தெரிந்த குழந்தையும் காட்டும். குஞ்ச நீளம், குஞ்ச வலு, நடுமுறிவு.

வலுக்குறைந்த கம்பளிக்கு ‘நைந்த’ வேண்டாம். நைவது புழங்கித் தேய்வதால். இங்கே நடப்பது வேறு. வறட்சி, காய்ச்சல், குட்டி ஈன்ற களைப்பு என்று ஆடு இளைக்கும் நாட்களில் வளர்ந்த பகுதி மட்டும் இழையிலும் மெலிந்துவிடும், அறுவது அங்கேதான். ஆகவே ‘இளைத்த கம்பளி’, அந்த இடம் ‘இளைப்பு’. இந்தச் சொல் கிடைத்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேலுக்குள் (அழுத்திக் கட்டிய கம்பளிப் பொதிக்குள்) குழாயைச் செலுத்தி மாதிரி எடுப்பதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்க்கிறார்களே, அந்தக் குத்தூசி போதும்: ‘குத்தூசி மாதிரி’.

அன்புடன்

———

அம்மா,

‘இழை’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இளைப்பும் குத்தூசியும் அப்படியே பட்டியலில் ஏறலாம். குஞ்சத்தில்தான் தயக்கம். அது நாம் கட்டித் தொங்கவிடுவது, இது தானாக வளர்வது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ ஆடுகள் இருக்கின்றன. அங்கே கத்தரிப்பவர்கள் வாயில் ஏதாவது சொல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்வோமா?

———

கட்டாயம் கேளுங்கள் ஐயா. அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என் குஞ்சத்தை நானே நீக்கிவிடுகிறேன். கேட்கும்போது கையில் ஒன்றைப் பிரித்துக் காட்டிக் கேளுங்கள்; ‘ஸ்டேப்பிள்’ என்ற சொல்லை மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.