பேத்தியை அப்பனிடம் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாமா? (கோபி – திருப்பூர்)

நம்பியூர்க்காரர்:
எங்க தெருவுல ஒரு வயசான தம்பதிக்காகக் கேக்கறனுங்க. மக 2 வருசம் முன்னாடி தவறிட்டாங்க. பேத்திக்கு 6 வயசு, திருப்பூர்ல ஒண்ணாங்கிளாஸ். மருமகன் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். கஞ்சா முன்னயே உண்டு. இப்ப வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கறாராம். ராத்திரி வெளிய போறப்ப குழந்தையை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடறார்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. காலாண்டு லீவுக்கு வந்த புள்ளை இப்ப கோபியில அப்புச்சி (அம்மாவோட அப்பா) வீட்டுல இருக்குது. "திங்கக்கெழமை வந்து தூக்கிட்டுப் போயிருவேன்"ங்கறார். அனுப்பாம வெச்சுக்கலாமுங்களா? போலீசா, கோர்ட்டா? பெரியவருக்கு 67, அம்மிச்சிக்கு (அம்மாவோட அம்மா) 61. அப்பாரு, அப்பத்தா (அப்பாவைப் பெத்தவங்க) ரெண்டு பேரும் இல்லீங்க.

கோர்ட்டுவாசல்:
வெச்சுக்கலாம். ஆனா காகிதம் இல்லாம வெச்சுக்கக் கூடாதுங்க. 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி அப்பாதான் இயற்கைக் காப்பாளர். புள்ளையைப் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு அவர் முந்திக்கிட்டா, பாரதிய நியாய சன்ஹிதா 137-ன்படி கடத்தல்னு புகார் வரும். அதனால திங்கக்கெழமைக்கு முன்னாடி குழந்தையை ஈரோடு மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டு போயிருங்க. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிச்சாலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனாலோ வழி சொல்லுவாங்க. குழு உக்காராத நாள்னா தனி உறுப்பினர் ஒருத்தர் முன்னாடி ஆஜர்படுத்தவும் 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் இடம் கொடுக்குது. சனி, ஞாயிறுன்னு தள்ளிப் போடாதீங்க.

குழுவுக்குக் கொடுக்கற மனு ஒரு பக்கம் போதும். மருமகனோட சரித்திரம் வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பூட்டினார், யார் பாத்தாங்க, குழந்தை என்ன சாப்பிட்டுச்சு, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகலை, இதுதான் வேணும். கடைசிப் பத்தியில, "விசாரணை முடியும் வரை குழந்தையைத் தகுதியுள்ள நபர் என்ற முறையில் எங்களிடமே ஒப்படைக்க வேண்டும்"னு எழுத்துலயே கேளுங்க. இந்த வரி விட்டுப்போனா விசாரணைக் காலத்துல குழந்தைகள் இல்லத்துல வைக்க உத்தரவாக வாய்ப்பு இருக்குது. 6 வயசுப் புள்ளைக்கு அது பெரிய தண்டனைங்க.

கூடவே கொண்டு போக வேண்டியது: ரெண்டு பேர் ஆதார், ரேஷன் கார்டு, மகளோட இறப்புச் சான்று, குழந்தையோட பிறப்புச் சான்று, வீட்டு வரி ரசீது, வருமானத்துக்கு ஏதாவது ஒரு ஆதாரம், ரெண்டு பேருக்கும் அரசு டாக்டர் கொடுக்கற உடல்தகுதிச் சான்று. சமூக விசாரணை 15 நாளுக்குள்ள, இறுதி உத்தரவு 4 மாசத்துக்குள்ளன்னு சட்டத்துல இருக்குது. வீட்டுக்கு ஆள் வந்து பாப்பாங்க. குழந்தை படுக்கற இடம், கழிப்பறை, பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் கேப்பாங்க.

இது அவசரத்துக்கான தற்காலிக ஏற்பாடுதான். நிரந்தரத்துக்கு 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்துல மனுப் போடணும்; குடும்ப நீதிமன்றம் இருக்கிற இடத்துல அங்க, இல்லாட்டி மாவட்ட நீதிமன்றம். இங்க ரெண்டு குழி இருக்குதுங்க.

ஒண்ணு, பிரிவு 9. குழந்தை "சாதாரணமாக வசிக்கும்" இடத்து நீதிமன்றத்துலதான் மனு நிக்கும். லீவுக்கு வந்த 10 நாளை வெச்சு ஈரோட்டுப் பக்கம் போட்டா, எதிர்த்தரப்பு முதல் வாய்தாவுலயே அதிகாரவரம்பு இல்லைன்னு நிக்கும், மாசக்கணக்குல போயிரும். இந்தக் குடும்பத்துக்குத் திருப்பூர்ல போடறதுதான் பத்திரம்.

ரெண்டு, பிரிவு 19. அப்பா உயிரோட இருக்கறப்ப, அவர் தகுதியில்லாதவர்னு நீதிமன்றம் கருதினால் ஒழிய வேற காப்பாளரை நியமிக்க முடியாது. "போதைக்காரன்"னு சொன்னா மட்டும் பத்தாது. அந்தப் போதையால குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு நிறுவணும். 2008-ல நீல் ரத்தன் குண்டு வழக்குல உச்ச நீதிமன்றம், அப்பாவோட உரிமையைவிட குழந்தையோட நலனே மேல்னு சொல்லித் தாய்வழித் தாத்தா பாட்டிகிட்டயே பையனை இருக்க விட்டுச்சு. அந்தத் தீர்ப்பை வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க. மனுவோடயே பிரிவு 12-ல இடைக்கால ஒப்படைப்பும் கேளுங்க; முக்கிய மனு முடியக் காலம் ஆகும்.

பெரியவங்க வயசைத்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். சித்தியோ மாமாவோ இருந்தா கூட்டு மனுதாரராச் சேருங்க. முதல் மனுதாரர் அம்மிச்சியா இருக்கட்டும்: பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு. கோபி நீதிமன்ற வளாகத்துல வட்ட சட்டப் பணிகள் குழுவைப் பாருங்க, இல்லாட்டி சட்ட உதவி எண் 15100.

ஊத்துக்குளி_சரவணா:
இவ்வளவு எதுக்குங்க? கஞ்சா கேஸ் ஒண்ணு போட்டு உள்ள தள்ளினா சரியாப் போயிரும்.

கோர்ட்டுவாசல்:
போகாதுங்க. போதைப்பொருள் சட்டம் பிரிவு 27-ல கஞ்சா மாதிரிப் பொருளை உபயோகிச்சதுக்கு அதிகபட்சம் 6 மாசம் அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ரெண்டும். ஜாமீன்ல வெளிய வந்ததும் நேரா கோபிக்குத்தான் வருவார், அதுவும் கோவத்தோட. சிகிச்சைக்குத் தானா போறவங்களுக்கு அதே சட்டத்தோட பிரிவு 64ஏ விலக்கும் கொடுக்குது. குழந்தையைப் பூட்டி வெச்சது இளைஞர் நீதிச் சட்டம் 75-ல வரும்: 3 வருசம் வரைக்கும் சிறை அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது ரெண்டும். புகார் கொடுத்தா அதைப் பத்திக் கொடுங்க, சி.எஸ்.ஆர். (புகாரை வாங்கிக்கிட்டதுக்கான) ரசீது வாங்காம வெளிய வராதீங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருத்தர் இருக்கணும், அவரைக் கேளுங்க.

வார்டு_சிஸ்டர்:
சாட்சியம் பத்திச் சொல்றேன், இங்கதான் நிறையப் பேர் சொதப்பறாங்க. ஊசி, மாத்திரை அட்டை, கஞ்சாப் பொட்டலம் எதையும் "ஆதாரம்"னு எடுத்துட்டு வராதீங்க. கஞ்சா உங்க கையில இருந்தா நீங்கதான் குற்றவாளி. ஊசி குத்தினா எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பயம் வேற. போட்டோ எடுத்தாப் போதும். அந்த போட்டோவும் வாட்ஸ்அப் குரல் பதிவும் இருக்கிற மூலப் போனை அழிக்காம, ரிப்பேருக்குக் கொடுக்காம வையுங்க. பாரதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன் சான்றிதழ் இல்லாம எலக்ட்ரானிக் பதிவு நீதிமன்றத்துல நிக்காது.

குழந்தையை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் எடை, உயரம், ரத்த சோகை பாத்துச் சீட்டு வாங்குங்க. காயம் ஏதாவது இருந்தா ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) போடச் சொல்லி அந்தக் காப்பியைக் கேளுங்க. பல நேரம் அந்த ஒரு சீட்டு பத்து பேர் வாய்ச்சாட்சியைவிடக் கனம்.

மூத்திரப் பரிசோதனையை நம்பி வழக்கு நடத்தாதீங்க. திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் ஊசியில போடறது பெரும்பாலும் டேபென்டடால்ங்கற வலி மாத்திரை. சாதாரண ஓபியேட் (அபின் வகை) பரிசோதனைக் கிட் மார்பீனைத்தான் தேடும். டேபென்டடால் அதுல சிக்காது. "நெகட்டிவ்"னு ஒரு காகிதத்தை அவர் நீட்டினா வக்கீல் வாயடைச்சுப் போவார். டெஸ்ட் கேக்கறதா இருந்தா மருந்துப் பேரைக் குறிப்பிட்டு, அதைக் கண்டுபிடிக்கிற லேப்ல எடுக்கணும்னு கேளுங்க. கஞ்சாவுக்குக் கிட் வேலை செய்யும். தினமும் புகைக்கறவங்களுக்கு வாரக்கணக்குல காட்டும்.

இனிமேல் புள்ளை அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தா ஒண்ணு தெரிஞ்சிருக்கணும்: மாத்திரையை எடுத்து வாயில போட்டிருந்தா தூக்கம் சொக்கும், கண்ணுப் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கும், மூச்சு குறையும். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, புரை ஏறிரும். 108 கூப்பிட்டு, அட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

மருமகன் சிகிச்சைக்குச் சம்மதிச்சா போதை மீட்பு உதவி எண் 14446, இல்லாட்டி மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு. ஆளைத் தூக்கிட்டுப் போய்ப் பூட்டி வைக்கிற "மையம்" வேண்டாம். 2017-ஆம் வருட மனநலச் சட்டப்படி பதிவு பெற்ற இடமான்னு பாருங்க. ஊசி நிறுத்தி ரெண்டு வாரத்துல நடுக்கம் போயிரும், ஆனா நோய் போகாது. அந்த இடைவெளிக்கப்புறம் பழைய அளவைப் போட்டா உடம்பு தாங்காது, மூச்சு நின்னே போகலாம். "பத்து நாள் இருந்துட்டு வந்துட்டார், இனி அனுப்பலாம்"ங்கிற பேச்சே வேண்டாம்.

நம்பியூர்க்காரர்:
ரொம்ப நன்றிங்க. குழந்தை அப்பாவைப் பாக்கணும்னு அழுவுது. ஸ்கூல் வேற இருக்குது. டி.சி. வாங்க முடியுமுங்களா?

ஆறாங்கிளாஸ்_டீச்சர்:
டி.சி.க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதமானதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில சேர்க்கை மறுக்க முடியாது. குழு உத்தரவு நகலோட கோபியில தலைமையாசிரியரைப் பாருங்க. யார் வந்து கேட்டாலும் அம்மிச்சி அப்புச்சி தவிர யார்கிட்டயும் அனுப்ப வேண்டாம்னு எழுதிக் கொடுத்து ரசீது முத்திரை வாங்குங்க. பழைய பள்ளியில வருகைப் பதிவேட்டு நகலைச் சட்ட உதவி வக்கீல் மூலமாக் கேளுங்க.

அப்பாவைப் பாக்கற விஷயத்துல கதவைச் சாத்தாதீங்க. மனுவுல நீங்களே முன்வந்து எழுதுங்க: ஞாயித்துக்கெழமை காலை 10 முதல் 12 வரை, பெரியவர் ஒருத்தர் கூட இருக்க, போதையில் இல்லாமல் வந்தால் பார்க்கலாம், இரவு தங்கல் இல்லை. நீங்க பழிவாங்கற ஆளா, பாதுகாக்கற ஆளான்னு நீதிபதி இதுலயே அளந்துடுவார். குழந்தைகிட்ட நீதிபதி தனியாப் பேசலாம். என்ன சொல்லணும்னு பாடம் சொல்லிக் கொடுக்காதீங்க. ஆறு வயசுப் புள்ளை பெரியவங்க வார்த்தையில பேசினா உடனே தெரிஞ்சிரும்.

செலவுக்கு: மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு குழந்தைகள் நலத் திட்டத்துல நிதி ஆதரவு மாசம் 4,000 ரூபாய். குடும்ப வருட வருமானம் கிராமத்துல 72,000-க்குள்ள, மத்த இடத்துல 96,000-க்குள்ள இருக்கணும். குழுவுக்குப் போறப்பவே விண்ணப்பமும் கொடுத்துடுங்க.

கோர்ட்டுவாசல்:
திங்கக்கெழமை அவர் வந்தா வாசல்லயே நின்னு பேசுங்க, குழந்தை உள்ள இருக்கட்டும். குழுவோட உத்தரவு நகலைக் காட்டுங்க, அசலைக் கையில கொடுக்காதீங்க. தள்ளாடிட்டு வந்தா வாக்குவாதமே வேண்டாம், 112.