வோல்பேப்பருக்குத் தமிழ்: பொத்தானில் என்ன போடுவது?

வெள்ளவத்தையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். நம் படக்காரர்கள் மாதாமாதம் அந்தந்தக் காலத்துப் படம் ஒன்றைக் கணினித் திரைக்கு 1920×1080 அளவிலும், கைபேசிக்கு நெட்டையாகவும், நாட்காட்டி சேர்த்தும் சேர்க்காமலும் கொடுக்கப் போகிறார்கள். பக்கம் மூன்று மொழியிலும் வருகிறது. சிங்களத்தில் 'பிதுபத' என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். தமிழ்ப் பொத்தானில் 'வோல்பேப்பர்' என்று கிடக்கிறது. வெள்ளி பின்னேரத்துக்குள் சொல்லுங்கள், பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. முதல் படம் கார்த்திகைக்கு: கொழும்பு நடுவிலுள்ள பேரை வாவியில் மழைக்குள் கூழைக்கடாக்கள்.

தெகிவளையிலிருந்து:

யாராவது 'சுவர்த்தாள்' என்று தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். கொழும்பில் சுவருக்குத் தாள் ஒட்டின வீடு எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? இந்த ஈரத்துக்கு இரண்டு மழையில் உரிந்து தொங்கும். நாங்கள் சுவரில் மாட்டியது கலண்டர்தான். தை பிறந்தால் கடைக்காரர் சுருட்டித் தரும் முருகன் படம், வருஷம் முடிந்தால் அதே தாள் பிள்ளைகளின் கொப்பிக்கு உறை. இதற்கு நேரான சொல் உண்மையில் 'திரைப்படம்'. என்ன செய்வது, சினிமாக்காரர் முந்திக்கொண்டார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

பிள்ளைகளே, சிங்களத்தில் முடித்த இடத்திலிருந்தே நாம் தொடங்கலாம். 'பிது' என்பது சுவர், பித்தி என்ற வடசொல்லின் வழி. அந்தப் பித்தி நம் அகராதிகளிலும் சுவர் என்ற பொருளில் இருக்கிறது. பித்திகம் என்று ஒரு பூவும் இருக்கிறது, பிச்சி என்கிறோமே அதுதான். நெடுநல்வாடையில் மழை மூடிய கூதிர்காலத்தில் பொழுது தெரியாமல், தட்டில் போட்டுவைத்த பித்திக அரும்பு விரிந்து மணப்பதைக் கொண்டுதான் பெண்கள் மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும், நீங்கள் படம் போடும் மாதமேதான். சுவரில் படர்ந்ததால் பூவுக்கு அந்தப் பெயர் வந்திருக்குமோ என்பது என் நெடுநாள் ஐயம், அது ஒருபுறம் இருக்கட்டும். சுவர், பூ, பருவம் மூன்றும் ஒரு சொல்லில் வருகின்றன. என் பரிந்துரை 'பித்திப்படம்'.

பம்பலப்பிட்டியிலிருந்து:

ஐயா, கோபிக்க வேண்டாம். பித்திப்படம் என்று போட்டால் எல்லாரும் பித்துப் பிடித்த படம் என்றுதான் வாசிப்பார்கள். வடிவமைக்கிறவன் என்ற முறையில் என் கவலை வேறு: 'வோல்பேப்பர்' என்றால் எந்தப் பிள்ளையும் அழுத்தும். அதை ஏன் தொடவேண்டும்?

வத்தளையிலிருந்து:

அழுத்தும், தம்பி. ஆனால் தமிழ்நாட்டில் 'வால்பேப்பர்', இங்கே 'வோல்பேப்பர்', எழுத்துக்கூட்டலே ஒன்றாக இல்லை. கணினியா கணனியா என்று நாங்கள் இன்னும் பலகைக்குப் பலகை மாற்றி எழுதுகிறோமே, அந்தக் கதை மறுபடி வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

கணினிதான் சரி. கணி என்ற வினை தமிழில் இருக்கும்போது கணனம் என்ற வடசொல்லிடம் போய்க் கடன் வாங்க வேண்டியதில்லை.

வத்தளையிலிருந்து:

ஐயா, பித்தி மட்டும் கடன் இல்லையா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அது வடவெழுத்தை ஒருவி, அதாவது விட்டுவிட்டுத் தமிழாகி, பல நூற்றாண்டாகிவிட்டது. தொல்காப்பியத்தில் எச்சவியலைப் பாருங்கள். சரி, பித்தி வேண்டாமென்றால் விடுகிறேன். மணிமேகலையில் உவவனம் எப்படித் தோன்றியது? கைதேர்ந்தவர் செய்த 'சித்திரச் செய்கைப் படாம்' போர்த்தியதுபோல. சோலை பூத்து நிற்பதைப் பார்த்த சாத்தனாருக்கு ஓவியத் துணி விரித்ததுபோலப் பட்டிருக்கிறது. நீங்கள் அதைத் திருப்பிச் செய்கிறீர்கள், பூத்த காட்சியைத் துணியாக்கித் திரைமேல் போர்த்துகிறீர்கள். 'பருவப்படாம்', ஏழே எழுத்து.

தெகிவளையிலிருந்து:

இது அழகு, உண்மையாகவே. ஆனால் என் மகள் ஏழாம் ஆண்டு, கேட்டுப் பார்த்தேன், "கண் படாமல் இருக்கப் போடுவதா?" என்றாள். மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவளாகச் சொல்கிறேன், பொத்தானுக்கு விளக்கவுரை எழுத முடியாது.

'பருவம்' என்பதும் எனக்கு உறுத்துகிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த பச்சைக் குன்றை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1996 ஜனவரியில் சார்ல்ஸ் ஓ'ரியர் கலிபோர்னியாவின் சொனோமாவில் எடுத்தது, அவர்களுக்கு மாரிமழை பெய்து புல் முளைத்த நேரம் அது. அதைப் பார்த்து நாங்கள் கோடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கொழும்பில் முன்பனி எங்கே, பின்பனி எங்கே? உறைபனி பார்க்க நுவரெலியாவுக்குப் போகவேண்டும். இங்கே ஒன்றில் மழை, இல்லாவிட்டால் புழுக்கம். சித்திரையில் கொன்றை, வைகாசியில் வெசாக் விளக்குக்கூடு, ஆடியில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் ஊர்வலம் வரும். எங்கள் பருவம் இவைதான். தொல்காப்பியர் ஆறு சொன்னார் என்பதற்காக ஆறு படத்தோடு நிற்கப் போவதில்லையே, மாதம் ஒன்று வேண்டும். நாட்காட்டிப் படத்தில் போயா என்ற முழுநிலா விடுமுறையை மறந்துவிடாதீர்கள், லீவு பார்க்கத்தான் பாதிப்பேர் இறக்குவார்கள்.

வத்தளையிலிருந்து:

'பின்புலம்' என்று மென்பொருள்களில் வருகிறது. எனக்குப் பிடிக்கவில்லை, "அவருடைய பின்புலத்தில் யார்?" என்று செய்தியில் கேட்டுக் கேட்டுச் சொல்லில் அரசியல் வாடை ஏறிவிட்டது. 'பின்னணி'யில் பாடகிதான் நிற்கிறாள், அவளால் தொந்தரவில்லை. 'பின்னணிப்படம்' என்று போட்டு முடியுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

எட்டு எழுத்து, கொள்ளும். நான் சரி. கைபேசிக்கும் அதே சொல் ஓடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

பின்னால் அணிவதா, பின்னால் நிற்கும் படையணியா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்தச் சொல்லில் திரையும் இல்லை, மாதமும் இல்லை. மண்டபத்தில் மேசை கதிரை தவிர எல்லாவற்றுக்கும் பின்னணி என்று சொல்லலாம். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:

குறித்துக்கொண்டேன், ஐயா. பின்னணிப்படத்துக்கு மூன்று பேர் என்று கணக்கு வைக்கிறேன். தெகிவளை அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தூங்கியிருப்பார், அவரையும் சேர்த்துத்தான் மூன்று. பொத்தானை மாற்றிவிட்டேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

ஒரு சின்னக் குழப்பம். ஐயா நேற்று இரவு என்னிடமிருந்து படத்தை வாங்கி ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித் திருப்பி அனுப்பினார், கூழைக்கடாவின் அலகு முன்பு வெளியே போயிருந்தது, இப்போது முழுதாக இருக்கிறது. கோப்புக்கு 'படாம்_கார்த்திகை' என்று பெயர் வைத்திருக்கிறார். மாற்றவா?

வெள்ளவத்தையிலிருந்து:

நேரமில்லை. அப்படியே ஏற்றிவிட்டேன்.