கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய சீன ஓவியம் – அவசர உதவி தேவை

தண்ணீர்மலைப் பேரன்:
நண்பர்களே, அவசரம். தாத்தா காலத்து ஓவியம் ஒன்று பினாங்கு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சீனர் வரைந்தது. வெள்ளைக்காரர் படம் மாதிரியும் தெரியும், சீனப் படம் மாதிரியும் தெரியும். போன வாரம் கூரை ஒழுகிச் சுவரெல்லாம் ஈரம். இப்போது படத்தின் ஓரம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பழுப்புப் புள்ளிகள் வேறு. எப்படிப் பிரிப்பது? ப்ளீச் தொட்டுத் துடைத்தால் புள்ளி போய்விடும் என்கிறார் மாமா. சனிக்கிழமை அம்மா வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும்.

ஈப்போ மணி:
நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா, சீன மையா? காகிதமா, பட்டா? என்ன அளவு? படம் எங்கே தம்பி?

செல்வி அக்கா:
முதலில் மாமாவின் கையிலிருந்து ப்ளீச்சை வாங்கி வையுங்கள். புள்ளியோடு வண்ணமும் போகும், காகிதமும் நொறுங்கும். அப்புறம் பேசலாம்.

ரவி_பட்டர்வொர்த்:
முடி உலர்த்தும் கருவியைக் கண்ணாடிக்கு வெளியே பத்து நிமிடம் காட்டுங்கள். தானாக விட்டுவிடும். என் கல்யாணப் போட்டோவுக்கு அப்படித்தான் செய்தேன்.

கலைக்கண்:
இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பத்து முறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. போட்டோவும் நீர்வண்ணமும் ஒன்று என்று நினைப்பவர்கள் தயவுசெய்து ஆலோசனை சொல்ல வேண்டாம். நீர்வண்ணத்தில் நிறத்தைப் பிடித்து வைப்பது கருவேலம் பிசின் வகை. ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் கண்ணாடியோடு இறுகும். சூடு காட்டினால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். அது அசல் ஓவியம்தானா என்பதே எனக்குச் சந்தேகம். நாள்காட்டியிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டதாக இருக்கும்.

ஈப்போ மணி:
அதைக் கண்டுபிடிப்பது எளிது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் குட்டிக் குட்டிப் புள்ளி தெரிந்தால் அச்சு. நிறம் காகிதத்தின் குழிகளில் திட்டுத் திட்டாகத் தேங்கியிருந்தால் தூரிகை. கையால் போட்டதென்றால் அடியில் பென்சில் கோடும் பல சமயம் தெரியும்.

தண்ணீர்மலைப் பேரன்:
புள்ளி வரிசை இல்லை. பென்சில் கோடு இருக்கிறது. காகிதத்தில் நீர்வண்ணம்தான், இரண்டு சாண் அகலம். மீன்பிடிக் குடிசைகள், படகு, தென்னை. தாத்தா துறைமுகத்தில் கிராணி (எழுத்தர்), 1961-ல் காலமானார். மேல் ஓரத்தில் சீன எழுத்து, கீழே சிவப்பு முத்திரை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ‘நீர்ப் பாம்பு ஆண்டு, வசந்தம்’ என்று படித்தார். பெயர் இருக்கிற மூலைதான் ஒட்டிக்கொண்டது. போட்டோ ஏற மறுக்கிறது, அளவு அதிகமாம்.

செல்வி அக்கா:
அப்படியானால் 1953. பிரபவ, விபவ என்று நாம் எண்ணுவதுபோல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்றுதான். அடுத்த நீர்ப் பாம்பு 2013. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். நம் கணக்கில் அது விஜய ஆண்டு.

ரவி_பட்டர்வொர்த்:
பினாங்கு, நீர்வண்ணம், தென்னை. இது யோங் முன் சென்தான், நான் பந்தயம் கட்டுகிறேன்! கூச்சிங்கில் 1896-ல் பிறந்து, பினாங்கில் புகைப்பட நிலையம் நடத்தியவர். 1962-ல் மறைந்தார். மலேசிய ஓவியத்தின் தந்தை என்றே சொல்வார்கள். லட்சாதிபதி ஆகிவிட்டீர்கள் தம்பி.

கலைக்கண்:
தென்னை வரைந்தவர் எல்லாம் யோங் முன் சென் என்றால் பினாங்கில் பாதிப்பேர் யோங் முன் சென். நான் பார்த்த அவருடைய நீர்வண்ணங்களில் ஆங்கில எழுத்தில்தான் கையெழுத்து. சீன ஆண்டுக் குறிப்பும் முத்திரையும் இருக்கிறதென்றால் மை ஓவியம் பயின்ற கை. சென் சோங் ஸ்வீ மாதிரி ஷாங்காயில் படித்துவிட்டு வந்த ஆள். 1952-ல் படம் வரையப் பாலித் தீவுக்குப் போன சிங்கப்பூர் ஓவியர் நால்வரில் ஒருவர் அவர்.

ரவி_பட்டர்வொர்த்:
உங்கள் ஊகம் மட்டும் ஊகமில்லையா ஐயா?

ஈப்போ மணி:
பெயரை விடுங்கள், படத்தில் எதுவெது எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தூரக் குடிசைகள் ஒழுங்காகச் சிறுத்துக்கொண்டே போகின்றனவா? அது மேற்கத்தியப் பாடம். தென்னங்கீற்று ஒவ்வொன்றும் மூங்கில் இலைபோல ஒரே இழுப்பில் வந்திருக்கிறதா? அது சீனத் தூரிகை. வானத்தையும் தண்ணீரையும் வண்ணமே பூசாமல் வெறும் காகிதமாக விட்டிருந்தால் அதுவும் அந்தப் பக்கத்துப் பழக்கம்தான்.

கூச்சிங்காரன்:
நான்யாங் பாணி, அதாவது நம் பக்கத்துச் சீன ஓவியர்கள் சீன முறையையும் மேற்கத்திய முறையையும் கலந்து வரைந்த பாணி, 1952 பாலிப் பயணத்தில் பிறந்தது என்பதுதான் வரலாறு. போனவர்கள் லியூ காங், சென் வென் ஸி, சியோங் சூ பியெங், சென் சோங் ஸ்வீ. சிங்கப்பூர் ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கம் பாருங்கள், சியோங் சூ பியெங்கின் கருவாடு காய வைக்கும் படம் இருக்கும். அந்த நீர்வண்ணம்தான் இதற்கெல்லாம் முன்மாதிரி.

கலைக்கண்:
அது நீர்வண்ணமே இல்லை. துணியில் சீன மையும் நிறமும். வரைந்தது 1978-ல். 1953 படத்துக்கு 1978 படம் எப்படி முன்மாதிரி ஆகும்?

செல்வி அக்கா:
பாலிக்கு முன்பே லிம் ஹாக் தாய் 1938-ல் சிங்கப்பூரில் நான்யாங் கலைக்கழகம் தொடங்கிவிட்டார். யோங் முன் சென் அதற்கும் முன்னிருந்து நீர்வண்ணம் போட்டவர். நாலு பேர் கப்பல் ஏறிப் போனதும் ஒரு பாணி பிறந்துவிட்டது என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கூச்சிங்காரன்:
அப்படியென்றால் புத்தகம் எழுதியவர்கள் எல்லாம் முட்டாள்களா?

ஈப்போ மணி:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, இழுத்துப் பிரிக்கவே கூடாது. படத்தைக் கீழே தட்டையாகக் கிடத்தி, மின்விசிறி ஓடும் அறையில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். பின்பக்க அட்டை நனைந்திருந்தால் படத்தை அசைக்காமல் அட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள். பழைய அட்டையில் இருக்கும் அமிலம்தான் காகிதத்தைப் பழுப்பாக்கும். புள்ளிகள் பூஞ்சணமாகவோ காகிதத்தில் இருக்கும் இரும்புத் துகளாகவோ இருக்கலாம், இரண்டும் ஈரத்தில் பெருகும். கண்ணாடியோடு அப்படியே காகிதச் சீரமைப்பாளரிடம் கொண்டுபோங்கள். திரும்ப மாட்டும்போது அமிலமற்ற அட்டையைக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே கொடுக்கச் சொல்லுங்கள். இடைவெளி விட்டிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

செல்வி அக்கா:
முத்திரையையும் விரலால் தேய்க்காதீர்கள். நல்ல முத்திரைப் பசை சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமத்தை ஆமணக்கெண்ணெயில் குழைத்தது, தண்ணீரில் கரையாது. அதனால் பெயரை எழுத்தில் படிக்க முடியாவிட்டாலும் முத்திரையில் படிக்கலாம். சீனம் தெரிந்தவர் எல்லாருக்கும் முத்திரை எழுத்து வராது, ஆன்ட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

கலைக்கண்:
இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

ரவி_பட்டர்வொர்த்:
எங்கே சொன்னீர்கள்?

(பதினொரு நாள் கழித்து)

தண்ணீர்மலைப் பேரன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். கண்ணாடியோடு கோலாலம்பூரில் ஒருவரிடம் கொடுத்தாயிற்று. ஒரு மாதம் ஆகுமாம். நான் இங்கே கேட்பதற்கு முன்பே மாமா ஒரு மூலையில் ப்ளீச் வைத்துவிட்டார், அங்கே தென்னை வெளுத்துவிட்டது. பின்பக்கம் பென்சிலில் 15 என்று எழுதியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும், தாத்தா ஒரு மாதச் சீட்டுப் பணத்தில் வாங்கியதாம். நன்றி அனைவருக்கும்.

ரவி_பட்டர்வொர்த்:
முத்திரையில் என்ன பெயர்?

கலைக்கண்:
போட்டோ?

கூச்சிங்காரன்:
15 என்பது விலையா, வரிசை எண்ணா?

மூவார் லட்சுமி:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் என்னுடையது பட்டில் வரைந்தது. புது இழை தொடங்கவா, இங்கேயே கேட்கலாமா?