மரகத மரப் போவா பாம்புக்குட்டி பச்சையாகி வருகிறது, வளர்த்தவர்கள் உதவுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கூண்டில் பிறந்த மரகத மரப் போவா குட்டி ஒன்று எங்கள் வீட்டில் வளர்கிறது. ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்தாயிற்று.

இந்த இனம் முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் செங்கல் சிவப்பிலோ ஆரஞ்சிலோ பிறந்து, ஓராண்டு வாக்கில் பச்சையாகும். எங்கள் குட்டிக்கு முதுகில் பச்சை திட்டுத்திட்டாகப் படர்ந்துவிட்டது, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தலையும் பக்கவாட்டும் இன்னும் மங்கிய காவியாகவே நிற்கின்றன. சட்டை உரிக்கும் முன் வரும் மங்கல் இல்லை. கண் தெளிவாக இருக்கிறது, இரையும் ஒழுங்காக எடுக்கிறது.

என் கவலை நம்ம ஊர் வெயில்தான். சித்திரையில் வீடே அடுப்பாகிவிடும். இதுவோ தென் அமெரிக்க மழைக்காட்டு இனம், ஈரப்பதம் குறையக் கூடாது. தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். வெப்பம் நிறமாற்றத்தைத் தாமதப்படுத்துமா?

மாதாமாதம் படம் எடுத்து வைத்திருப்பவர்கள், எந்தப் பகுதி கடைசியாகப் பச்சையானது என்று படத்தோடு சொல்லுங்கள். ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள் என்றால் ஒப்பிட வசதி. அப்புறம், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாம்புக்கு வைத்தியம் பார்க்கிறார்களா? காட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.