டர்பனில் நான்கு இரவு: தங்குவது உம்லாங்காவிலா, நகரத்திலா?

ஜோபர்க்_ஆறுபேர்:
ஜூலை பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் டர்பன் வருகிறோம். நான்கு இரவு, ஆறு பேர். பெரியவர்கள் இருவருக்கு முட்டிவலி. பிள்ளைகளுக்கு வயது 7, 10. கடல், கோயில், பக்கத்துக் கடலோர ஊர்கள் மூன்றும் பார்க்க ஆசை. அறை உம்லாங்காவில் எடுப்பதா, டர்பன் கடற்கரையில் எடுப்பதா?

வடகரை:
உம்லாங்கா. நகரத்துக்கு வடக்கே 18 கிலோமீட்டர்தான். கடலோர நடைபாதை சமதளம், படி ஏறி இறங்க வேண்டாம். 1954இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் வரை பெரியவர்கள் மெதுவாகப் போய் வரலாம். கோயிலுக்கு மவுண்ட் எட்ஜ்கம்ப் பத்து நிமிடம்; கரும்புத் தோட்டத்தில் உழைத்த நம் முன்னோர் எழுப்பிய கோயில்கள். காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும் இந்தப் பக்கம்தான். இன்னும் வடக்கே பலிட்டோ என்ற கடலோர ஊர் அரை மணி. நகரத்துக் கரையை நம்பிப் போகாதீர்கள். உம்கேனி ஆறு அங்கேதான் கடலில் விழுகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் உடைந்து மாதக்கணக்கில் கரைகளை மூடியிருந்தார்கள்.

இசிப்பிங்கோ_ரயில்:
அதே வெள்ளத்தில் உம்லாங்காவையும் மூடினார்கள், அதை ஏன் விட்டீர்கள்? 2021 ஜூலையில் கார்னுபியாவில் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது நஞ்சு கலந்த நீர் இறங்கியது உம்லாங்கா காயலில். வடக்கு சுத்தம், நகரம் அழுக்கு என்று பிரிக்க முடியாது. எந்தக் கரையானாலும் விதி ஒன்று: நல்ல மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் ஆற்று வாய்ப் பக்கம் இறங்கக் கூடாது. கழிவு மட்டுமல்ல, கலங்கிய தண்ணீரில் ஜாம்பேசி சுறா வரும். ஜூலை மழையில்லாக் காலம் என்பதால் இந்தக் கவலை உங்களுக்குக் குறைவு.

அறை நகரக் கடற்கரையில் எடுங்கள். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு மதராசிலிருந்து வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16, இந்தத் துறைமுகத்துக்கு. தமிழ்க் குடும்பம் ஒன்று டர்பன் வந்து உம்லாங்காவின் வணிக வளாகத்தையும் அடுக்குமாடியையும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. உம்கேனி ரோடு வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், கிரே ஸ்ட்ரீட் ஜும்மா மசூதி எல்லாம் கடற்கரையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில். நடைபாதையும் உஷாகா கடல் பூங்காவிலிருந்து உம்கேனி ஆற்று வாயிலுள்ள புளூ லகூன் வரை சுமார் 8 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம்.

வடகரை:
முட்டிவலியோடு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் நெரிசலிலா? வண்டியை எங்கே விடுவார்கள்? மாலையில் அந்தப் பக்கம் யாராவது நடப்பார்களா?

இசிப்பிங்கோ_ரயில்:
மாலையில் போகச் சொல்லவில்லை. காலை எட்டரைக்குப் போய்ப் பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். காவலாள் உள்ள கட்டண நிறுத்துமிடத்தில் மட்டும் வண்டி. ரிமோட்டை அழுத்தியதோடு நகராதீர்கள், கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். சிக்னலைத் தடுக்கும் கருவியோடு பக்கத்திலேயே ஆள் நிற்பான். விளக்கு மின்னியிருக்கும் என்று நாம் நினைத்துப் போய்விடுவோம், கதவு பூட்டியே இருக்காது. இருக்கையில் ஒரு பையும் தெரியக் கூடாது. மசாலா வாங்குபவர் ஒருவர் மட்டும் உள்ளே போகட்டும், பெரியவர்களை நேரே கோயிலில் இறக்கிவிடுங்கள். விடுமுறை ஆடி பிறந்த பின்னும் நீண்டால் மாரியம்மன் கோயில்களில் ஞாயிறுகளில் கூழ் ஊற்றுவார்கள். இங்கே ‘பொரிட்ஜ் பிரேயர்’ என்று கேட்டால் எந்தக் கோயில் என்று யாரும் வழி சொல்வார்கள். பூக்குழிக்கு மட்டும் புனித வெள்ளி வாரம் வர வேண்டும்.

அலைக்கணக்கு:
இருவரும் ஜூலையின் பெரிய சிக்கலைத் தொடவே இல்லை. மே முதல் ஜூலை வரை மத்தி மீன் கூட்டம் தெற்கிலிருந்து கரையை ஒட்டி வரும். அதன் பின்னால் சுறா, டால்பின், திமிங்கிலம். டால்பினும் திமிங்கிலமும் சிக்கிச் சாகாமலிருக்க, மீன் நெருங்கியதும், குளிக்கும் கரைகளுக்கு எதிரே சுறாவுக்காகக் கட்டியிருக்கும் வலைகளைச் சுறா வாரியம் தூக்கிவிடும். வலை இல்லாத கரையில் குளிக்கத் தடை. கூட்டம் முதலில் எட்டுவது தெற்குக் கரையை. ஆகவே மார்கேட், ஸ்காட்பர்க் பக்கம் குளிக்கும் நாள் குறையலாம். வடக்கிலும் நடக்கும், நிச்சயமில்லை. கிளம்புமுன் வலை நிலவரம் கேளுங்கள்.

வலை இருந்தாலும் அது வேலி இல்லை. பெரும்பாலானவை 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். இரு பக்கமும் சுற்றிப் போக வழி உண்டு. சுறாவின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் அதன் வேலை. கொடிகளுக்கு நடுவில், உயிர்காப்பாளர் கண்ணுக்கு எதிரே மட்டும் பிள்ளைகள் இறங்கட்டும்.

7 வயதுப் பிள்ளைக்கு வலையை நம்பும் கரையைவிடக் கடல்நீர்க் குளம் மேல். பலிட்டோவில் தாம்சன்ஸ் பே, அதற்கு வடக்கே சால்ட் ராக். இரண்டும் பாறையில் சுவர் எழுப்பியவை. கடல் ஏற்றத்தில் அலை சுவரைத் தாண்டி விழும், பிள்ளையைப் புரட்டிவிடும். கடல் வற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்தான் சரி. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் காலை பத்து மணி வாக்கில் வரும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்.

வடகரை:
இதைத்தான் நானும் சொல்கிறேன், குளம் வடக்கில். அங்கேயே தங்கினால் பத்து மணி வற்றத்துக்கு நிதானமாகப் போகலாம்.

இசிப்பிங்கோ_ரயில்:
குளம் ஸ்காட்பர்க்கிலும் உண்டு அண்ணா. புல்வெளியிலிருந்தே பெரியவர்கள் கடல் பார்க்கலாம். 60 கிலோமீட்டர், வழியில் சுங்கச் சாவடி கிடையாது. பலிட்டோவுக்கு என்2 நெடுஞ்சாலையில் போனால் துங்காட்டில் கட்டணம்.

அலைக்கணக்கு:
தெற்கு போனால் உம்கோமாஸில் அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத் திட்டுக்குப் படகு ஏற்ற யாராவது கூப்பிடுவார்கள். இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம். ஆற்று வாயிலிருந்து ரப்பர் படகு அலைகளை முட்டிக்கொண்டு 5 கிலோமீட்டர் வெளியே போகும். ஒவ்வொரு முட்டலும் முதுகிலும் முட்டியிலும் இறங்கும்.

ஜோபர்க்_ஆறுபேர்:
நகரத்தில் அறை எடுக்கிறோம். இரண்டாம் நாள் மார்க்கெட்டும் கோயிலும். மூன்றாம் நாள் பலிட்டோ, நேரமிருந்தால் க்வாடுகுசா.

வடகரை:
அறையில் தோற்றேன், மூன்றாம் நாளையாவது கெடுக்காதீர்கள். ஏழரைக்குக் கிளம்புங்கள். முதலில் குளம், பிறகு க்வாடுகுசா. 1828இல் கொல்லப்பட்ட ஜூலு அரசர் சாக்காவின் நினைவிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுதுலியின் வீடு அருங்காட்சியகமாக இருக்கும் க்ரூட்வில் போகும் வழியில். ஜூலையில் மாலை ஐந்தே காலுக்குள் பொழுது சாயும், மூன்றரைக்குத் திரும்புங்கள். வரும்போது மவுண்ட் எட்ஜ்கம்ப்பில் இறங்குங்கள், கோயில் திறந்திருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு.

இசிப்பிங்கோ_ரயில்:
நான்காம் நாள் காலியாகத்தானே இருக்கிறது? வலை இருந்தால் ஸ்காட்பர்க், இல்லையென்றால் நடைபாதையில் பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள். மதியத்துக்குப் பன்னி சாவ், அதாவது தோண்டிய ரொட்டிக்குள் நிரப்பிய கறி: ஆளுக்குக் கால் ரொட்டி தாராளம், பெரியவர்களுக்கு சுகர் பீன்ஸ் கறி கேளுங்கள். தோண்டி எடுத்த ரொட்டித் துண்டை மேலே வைத்துத் தருவார்கள், முதலில் அதைத் தொட்டுச் சாப்பிடுங்கள். கரண்டியால் தோண்ட வேண்டாம், நனைந்த அடி உடைந்துவிடும்.