இரணைமடு ஏன் ‘டாங்க்’ ஆனது?

நான்: பெரியப்பா, மகனின் ஆங்கிலப் பாடத்தில் எங்கள் குளத்தை ‘இரணைமடு டாங்க்’ என்று எழுதியிருக்கிறார்கள். அவன் அறிந்த டாங்கி போர் வண்டி மட்டுமே. குளத்துக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று சாப்பிடாமலேயே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பெரியப்பா: பிள்ளை, அவன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். நடந்ததோ மறுவளமாக, தண்ணீருக்குரிய பெயரைத்தான் போர் வண்டி இரவல் வாங்கியது. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் அந்த வண்டியை இரகசியமாகச் செய்தபோது, இரும்புத் தகடுகளைப் பொருத்திய தொழிலாளருக்குக்கூட உண்மை தெரியக் கூடாது என்பதற்காக, அது தண்ணீர் கொண்டுபோகும் கலம் என்று சொல்லிவைத்தார்கள். அவ்வாண்டு முடிவில் ‘டாங்க்’ என்பதே அதன் மறைபெயராக நிலைத்தது. 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சோம் போர்முனையில் முதன்முதலாக இறங்கிய பின்னும் பெயர் மாறவில்லை.

சித்தி: அப்படியென்றால் அது எங்கள் ‘தாங்கி’யிலிருந்து போன சொல்லா, அத்தான்? நாங்களும் நீர்த்தாங்கி என்றுதானே சொல்கிறோம்.

பெரியப்பா: ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது. ‘தாங்கி’ தாங்கு என்னும் வினையில் பிறந்தது. சுமைதாங்கிக் கல்லில் இருப்பதும் அதே சொல். ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து போனது. நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் குசராத்தி, மராத்திச் சொற்கள் ஒருபக்கம், குளத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயரின் ‘தாங்க்கே’ மறுபக்கம் என்று இரண்டு வேர்களை அறிஞர் காட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே அதை வளர்த்தன என்பது என் எண்ணம். குசராத்திச் சொல்லுக்கு மூலம் வடமொழியின் ‘தடாக’ என்பதை ஏற்றுக்கொண்டால், நாங்கள் சொல்லும் தாமரைத் தடாகம் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

மன்னார் மாமா: இங்கே கட்டுக்கரைக் குளத்தையும் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’ என்றே எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் எண்ணெய்க் கலமோ, மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியோதான் நினைவுக்கு வரும். அலைகரையும், தண்ணீர் திறந்துவிடும் துருசும், மிகுநீர் வழிந்தோடும் வானும் உள்ள குளம் என்ற பழைய பொருளை இலங்கை, இந்திய ஆங்கிலமே இன்னும் காத்துவருகிறது. பாடநூல் எழுதியவர்கள் பிழை செய்யவில்லை, பிள்ளை.

நான்: மகனுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொப்பியில் அலைகரையை நீளமாகக் கீறி, துருசிலிருந்து வயலுக்கு ஒரு வாய்க்காலும் இறக்கி, தண்ணீருக்கு நடுவே ‘டாங்க்’ என்று எழுதிவிட்டு, இப்போதுதான் சாப்பிட வந்திருக்கிறான்.