பதிவிறக்க எண்ணிக்கையும் உண்மையில் கேட்பவர்களும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) உறுப்பினர்:

எங்கள் கோயில் தமிழ் வகுப்பின் திருப்புகழ்ப் பாடங்களை வலையொலியாக (பாட்காஸ்ட்) வெளியிட்டு வருகிறோம். இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஒலிக்கோப்பின் முகவரியைத் தாங்கிய ஆர்எஸ்எஸ் ஓடை (நிகழ்ச்சிகளின் பட்டியலைச் செயலிகளுக்குத் தரும் இணையக் கோப்பு) ஒன்று இருந்தால் எந்தச் செயலியும் அதைப் படித்துக்கொள்ளும். மென்பொருளாளர் டேவ் வைனர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஓடையில் சேர்த்த, ஒலிக்கோப்பைச் சுட்டும் ‘என்க்ளோஷர்’ என்னும் ஒரே குறியீட்டின்மீது ஒரு துறையே நிற்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று நன்கொடையாளர் ஒருவர் வினவியபோதுதான் சிக்கல் தெரிந்தது. கோப்புகளைச் சேமித்துத் தரும் நிறுவனம் ஓர் எண்ணைக் காட்டியதே தவிர, அது எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. ஆகவே, ஜான் ஸ்பர்லாக் 2022இல் தொடங்கிய ஓபி3 என்னும், பதிவிறக்கங்களை எண்ணும் திறந்தமூலச் சேவையின் முகவரியை எங்கள் கோப்பு முகவரிகளுக்கு முன்னொட்டாகச் சேர்த்தோம். கேட்பவரின் கோரிக்கை முதலில் அங்கே பதிவாகி, பிறகு உண்மையான கோப்புக்குத் திருப்பிவிடப்படுகிறது. நிரலையும் எண்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அந்த எண்களை வகுப்பின் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது விளங்கியது இதுதான்: ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரே வகைச் செயலி 24 மணி நேரத்துக்குள் ஒரே பாடத்தை எத்தனை முறை கோரினாலும் அது ஒரு பதிவிறக்கமாகவே எண்ணப்படுவதால், கோயில் மண்டபத்து வைஃபையில் ஒரே மாதிரிக் கைபேசிகளோடு அமரும் பிள்ளைகள் பலர் ஒருவராகச் சுருங்கிவிடுகிறார்கள். வீட்டு இணைப்பிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுபவரோ இருவராகிவிடுகிறார். மொபைல் டேட்டாவின் விலைக்கு அஞ்சி, வாட்ஸாப்பில் வந்த எம்பி3 கோப்பையே திரும்பத் திரும்பக் கேட்கும் எங்கள் பாட்டிமார்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. (அவர்கள்தாம் பாடத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள்!)

பீட்டர்மாரிட்ஸ்பர்க் (தென்னாப்பிரிக்கா) உறுப்பினர்:

நீங்கள் சொல்வது சரியே, அண்ணா. எங்களுக்கு 2023 இறுதியில் எண்ணிக்கை சரிந்தது; கேட்பவர்கள் விலகிவிட்டார்கள் என்று குழுவில் சிலர் மனம் தளர்ந்தனர். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17இல் ஆப்பிளின் வலையொலிச் செயலி, கேட்காமல் விடப்பட்ட நிகழ்ச்சிகளைத் தானாகப் பதிவிறக்கும் முறையைக் குறைத்ததே காரணம். பாடல் குறித்து ஐயம் கேட்டு வரும் கடிதங்கள் குறையவில்லை என்பதைக் கண்டபின் குழு அமைதியடைந்தது.

முன்னொட்டைப் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: கோப்பின் முகவரியை மட்டும் மாற்றுங்கள். ஓடையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உள்ள ‘ஜியுஐடி’ (GUID) என்னும் தனி அடையாளத்தைத் தொட்டால் செயலிகள் பழைய நிகழ்ச்சிகளையெல்லாம் புதியவை என்று கருதி மீண்டும் இறக்கக்கூடும். அந்த டேட்டா செலவு கேட்பவர்களின் தலையில்தான் விழும்.